இரண்டு ஊர் கழித்து

என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். காரில் வீட்டுக்கு வரும்போது எங்கே வருகிறாய் என்று போனில் கேட்டால், இருக்கிற இடத்தைச் சொல்லமாட்டான். வீட்டுப் பக்கமாக இரண்டு ஊர் தள்ளிச் சொல்வான். யோங் பெங்கில் இருந்தால் தங்காக் என்பான். பாகோவில் காரை நிறுத்தித் தேநீர் குடித்துக்கொண்டே ஜாசின் தாண்டிவிட்டேன் என்பான். அவன் மட்டும் அல்ல, நாங்கள் குடியிருக்கும் பாச்சாங்கில், எங்கள் வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். “பக்கத்துலதான் லா, வந்துட்டேன்” என்று சொன்னால் ஆள் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். அதை நாங்கள் யாரும் பொய்யாக எடுத்துக்கொள்வதில்லை. காத்திருக்கிறவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கட்டும் என்று சொல்வது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அவன் வந்து போன பல வருடப் பயணங்களைக் கவனித்து, அவனுக்கு இரண்டு ஊர் கழிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். பக்கத்தில் செங் என்கிற ஊரில் தொழிற்சாலை வேலை பார்க்கும் மகளுக்கு ஊர்க் கணக்கு ஒத்துவராது, நிமிடக் கணக்கு. “பத்து நிமிஷம்பா” என்றால் இருபத்தைந்து. கடைசி வீட்டுக்காரர் “அரை மணி” என்றால் அன்றைக்கு அவரை எதிர்பார்க்கவே கூடாது.

என் மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. நான் இட்டிலியை எண்ணிச் சாப்பிடுகிறவன், மாடிப்படியை எண்ணி ஏறுகிறவன், வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டு என்னைத்தான் கேட்பாள்.

“ஏங்க, எங்க வர்றானாம்?”

“தங்காக்காம்.”

“அவன் ஊரு எனக்கு எதுக்கு? உங்க ஊரச் சொல்லுங்க. எண்ணெய் காய வைக்கணும்.”

“யோங் பெங்.”

“அப்ப ஒரு தூக்கமே போடலாம்.”

அவன் செருப்பைக் கழற்றும்போது வடை சட்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுவான். அவள் என்னைக் காட்டிக்கொடுத்ததே இல்லை.

இந்தப் பழக்கம் எனக்குத் தோட்டத்தில் வந்தது. ஜாசின் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை ஓயும்வரை கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அடுத்த நான்கு மாதத்தில் எத்தனை டன் பழம் வரும் என்று துரை முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயிரக்கணக்கில் மரம். மேட்டில் கொஞ்சம், பள்ளத்தில் கொஞ்சம், காலை வைத்தால் முழங்கால்வரை இறங்கும் சதுப்பில் கொஞ்சம். ஒவ்வொரு மரத்தின் உச்சியிலும் மட்டைக்குள் ஒளிந்த காய். அதை யார் எண்ணுவது? ஆபீசில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவன், மறுநாள் காலை அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தேன். மேடு தனி, பள்ளம் தனி, சதுப்பு தனி. ஒவ்வொன்றிலும் பத்து நிரைக்கு ஒரு நிரை மட்டும் நடந்து, இனிமேல் பழுக்கப்போகும் கறுப்புக் குலைகளை எண்ணிக்கொண்டேன். பத்தால் பெருக்கினேன். எலி தின்பதற்குக் கொஞ்சம், பன்றி தின்பதற்குக் கொஞ்சம், மழையில் லாரி போகமுடியாமல் அழுகுவதற்குக் கொஞ்சம் கழித்தேன். பெரிய கேள்வி ஒன்றுக்குப் பதில் தெரியாது. ஆனால் அதற்குள் இருக்கும் சின்னக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு பதில் தெரியும். அவற்றைச் சேர்த்தால் பெரிய பதில் தானாக வந்துவிடுகிறது.

அப்புறம்தான் மனிதர்கள் கணக்கு. வெட்டுகிறவர்களை மேற்பார்க்க மூன்று மண்டோர்கள் இருந்தார்கள். ஒருவர் எதையும் கூட்டிச் சொல்வார். ஒருவர், அதிகம் சொன்னால் பிறகு கேள்வி வரும் என்று குறைத்துச் சொல்வார். மூன்றாமவர் வெறும் ஊகத்தைச் சொல்லிவிட்டு வெற்றிலை போடுவார். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கழிப்பது, எவ்வளவு கூட்டுவது என்று என் மனதுக்குள் ஓர் அளவு இருந்தது. யார் சொன்னதையும் அப்படியே எடுத்ததில்லை. கடைசியில் இன்னொன்றும் செய்வேன். வேறொரு வழியில் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பேன், போன வருட லாரி நடையை வைத்தோ, வெட்டுகிற ஆட்களை வைத்தோ. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றால் அந்த எண்ணை நம்பலாம். துரை மாறினார், மண்டோர்கள் மாறினார்கள், இந்த முறை மட்டும் மாறவில்லை.

என் மனைவி அப்போது அங்கே உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும், யாராவது கேட்டால் எங்கள் கதையை இப்படித்தான் தொடங்குவாள்: “இவுரா? மேல பாத்துக்கிட்டே வந்து என் சாக்குல தடுக்கி விழுந்த கிராணி. விழுந்தும் வாயில எண்ணுறத நிறுத்தல.”

போன வருடம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணச் சளி என்று இருந்துவிட்டோம். இரண்டு மூன்று நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்தபோது இரண்டு நுரையீரலும் மங்கிப்போயிருந்தன. மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி போட்டு, பெரிய இயந்திரத்திலிருந்து காற்று கொடுத்தார்கள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை அந்த எண்ணிக்கை முந்தைய நாளை விட நிறையக் கூடியிருந்தது.

பத்து மணி வாக்கில் மகள் அண்ணனுக்குப் போன் செய்தாள். “இப்பவே கெளம்புண்ணே” என்று மட்டும் சொல்லி, போனை அம்மா காதில் வைத்தாள். என் மனைவி முகமூடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள்.

“சாப்டியா?”

அவன் என்னவோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை.

“பாத்து வா. அவசரப்படாத.” இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டாள். “ஒண்ணு சொல்லணும் ஒங்கிட்ட.”

அவன் சொல்லுங்கம்மா என்று கத்தினான். அது எனக்குக் கேட்டது.

“போன்ல இல்ல. நேர்ல வா.”

மகள் முகமூடியைச் சரியாக வைத்துவிட்டாள். நான் குனிந்து, “என்ன சொல்லணும்? எங்கிட்ட சொல்லேன், நான் சொல்லிடுறேன்” என்றேன். அந்த நிலையிலும் அவள் கண்ணில் ஒரு சிரிப்பு வந்தது.

“ஒங்ககிட்ட சொன்னா... அதையும் எண்ணிக்கிட்டு ஒக்காந்திருப்பீங்க.”

நான் அவன் வரும் வழியைத் துண்டு போட ஆரம்பித்தேன். வேலையிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்ப அரை மணி. எல்லையில் சிங்கப்பூர் பக்கச் சோதனை, கடல் பாலம், ஜோகூர் பக்கச் சோதனை எல்லாம் சேர்த்து, பள்ளி விடுமுறை ஆனதால், இரண்டு மணிக்குக் குறையாது. நெடுஞ்சாலை இரண்டரை மணி. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் ஆயர் குரோ டோலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். அங்கே கார் நிறுத்த இடம் தேடிச் சுற்ற, லிஃப்டுக்குக் காத்திருக்க, இன்னொரு கால் மணி. கூட்டினால் மூன்றரை மணி வாக்கில் வருவான். மனைவியிடம் மூன்றரை என்றேன். தலையை ஆட்டினாள்.

மதியத்துக்கு மேல் அவள் உதடு கருக்க ஆரம்பித்தது. டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், என் மகளை விடச் சின்னவள். வந்து பார்த்துவிட்டு எங்களை வெளியே கூப்பிட்டாள்.

“அங்கிள், ஆன்ட்டி ரொம்ப டயர்ட் ஆயிட்டாங்க. தொண்டைக்குள்ள டியூப் போட்டு மெஷின்ல மூச்சு குடுக்கணும். டியூப் போட்டா தூங்க வச்சிடுவோம், பேச முடியாது.”

“திரும்ப எப்பப் பேசுவா?”

“நல்லானா டியூப எடுப்போம் அங்கிள். ஆனா... ப்ராமிஸ் பண்ண முடியாது.”

“எங்க மகன் வந்துக்கிட்டு இருக்கான். அவன்கிட்ட ஒரு வார்த்த பேசணும்னு இருக்கா.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். “அரை மணி நேரம் நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கலாம். அதுக்கு மேல ரிஸ்க். அரை மணிக்குள்ள வந்துடுவாங்கன்னா சொல்லுங்க. இல்லன்னா இப்பவே போடுறது நல்லது. லேட் பண்ணப் பண்ண ஆன்ட்டிக்குத்தான் கஷ்டம்.”

அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஒரு நல்ல டாக்டர் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்னாள். அவளுக்கு என்னிடமிருந்து வேண்டியிருந்தது ஓர் எண் மட்டும்.

மகள் போன் செய்தாள், ஸ்பீக்கரில் வைத்து.

“அண்ணே, எங்க வர்ற?”

“ஜாசின் தாண்டிட்டேன்.” காற்றுச் சத்தத்தில் கத்தினான். “அம்மா எப்படி இருக்காங்க?”

“சீக்கிரம் வாண்ணே” என்றாள். அழுகையில் அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. போன் நின்றுவிட்டது.

ஜாசின் தாண்டினால் அரை மணி. டாக்டர் கொடுத்த அரை மணிக்குள் சரியாக அடங்கும். நான் இரண்டு ஊரைக் கழித்தேன். பாகோ. பாகோ என்றால் கார் நிறுத்துவது, லிஃப்ட் எல்லாம் சேர்த்து ஒரு மணிக்குக் குறையாது. அப்போது இரண்டேகால் இருக்கும். ஒரு மணி கூட்டினால் மூன்றேகால். காலையில் துண்டு போட்டுக் கூட்டிய கணக்கும் மூன்றரை. இரண்டு வழியில் வந்தும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது.

“பாகோவுலதான் இருக்கான்” என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். “இல்லப்பா. ஜாசின்னு சொன்னான்ல.”

“எப்பவும் சொல்றதுதானே.”

“இன்னிக்குப் பொய் சொல்ல மாட்டான்பா.”

“அது பொய் இல்லம்மா. பழக்கம்.”

“லொக்கேஷன் அனுப்பச் சொல்லட்டா?”

“ஓட்டும்போது போன நோண்டச் சொல்லாத. மழ வேற பேஞ்சுக்கிட்டு இருக்கு.”

அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் டாக்டரோடு உள்ளே போனேன். டியூப் போட்டால் பேச முடியாது என்பதை என் மனைவியிடம் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். என் மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வலது கையைக் கொஞ்சம் தூக்கி, எங்கே என்பதுபோல விரலை விரித்தாள்.

“ஜாசின்னு சொல்றான்” என்றேன்.

அவள் முகமூடிக்குள்ளிருந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “ஒங்க ஊரு?” என்றாள்.

“பாகோ. இன்னும் ஒரு மணி ஆகும்.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினாள். சரி, போடுங்கள் என்று. இத்தனை வருடம் என் எண்களைப் பார்த்துச் சிரித்தவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டாள்.

திரையை இழுத்தார்கள். எங்களை வெளியே அனுப்பினார்கள்.

நாங்கள் லிஃப்டுக்கு எதிரே இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. லிஃப்ட் பல தடவை திறந்து மூடியது. டாக்டர் வந்து, டியூப் போட்டாகிவிட்டது, ஆன்ட்டி தூங்குகிறார், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு லிஃப்ட் திறந்த முதல் தடவையோ இரண்டாவது தடவையோ, என் மகன் வெளியே வந்தான். சட்டை முழுக்க நனைந்து, தலைமுடி நெற்றியில் அப்பிக்கிடந்தது.

“அம்மா எங்க?”

நான் மணியைப் பார்த்தேன். மூன்று ஆக இன்னும் கால் மணிக்கு மேல் இருந்தது.

மகள்தான் சொன்னாள். டியூப் போட்டுவிட்டார்கள், தூங்க வைத்துவிட்டார்கள் என்று. அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வந்து என் முன்னால் நின்றான்.

“அரை மணி நேரம் குடுத்தாங்களாம்ல? தங்கச்சி சொல்லுது.”

“ஆமா.”

“நான் ஜாசின் தாண்டிட்டேன்னு சொன்னேனேப்பா.”

“நீ எப்பவும் அப்படித்தானே சொல்லுவ.”

அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஈரக் கைதான், துடைத்தும் ஒன்றும் போகவில்லை.

பாலத்தில் கார்கள் அசையாமல் நின்றிருந்தனவாம். அதனால் காரைச் சிங்கப்பூர் பக்கமே விட்டுவிட்டு, கூட வேலை செய்கிற பையனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பாலத்தைக் கடந்திருக்கிறான். ஜோகூரில் அந்தப் பையன் வீட்டுக் காரை வாங்கிக்கொண்டு, ஓரிடத்திலும் நிற்காமல் ஓட்டி வந்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று மகள் கேட்டாள். “சொல்லிக்கிட்டிருக்க நேரம் எங்க?” என்றான். ஆஸ்பத்திரி வாசலிலேயே காரை நிறுத்திவிட்டு ஓடிவந்தவன். இடம் தேடிச் சுற்றுவதற்கு நான் வைத்த நிமிடங்களும் அவனுக்குச் செலவாகவில்லை.

என் மனைவி அந்த இயந்திரத்தோடு கிட்டத்தட்ட ஒரு வாரம் இருந்தாள். இடையில் ஒரு நாள் மருந்தைக் குறைத்தபோது கண்ணைத் திறந்தாள் என்று நர்ஸ் சொன்னார். நாங்கள் போவதற்குள் மூடிவிட்டாள். பிறகு திறக்கவில்லை.

கருமாதி முடிந்து உறவினர்கள் எல்லாரும் போன பிறகு, மகன் மேலும் இரண்டு நாள் இருந்தான். என் மேல் கோபம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அந்த நாட்களில் ஒரே வேலையாக அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். எந்தத் துண்டில் பிழை என்று தேடினேன். ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அவன் இரண்டு ஊர் தள்ளிச் சொல்வது சரி. விடுமுறையில் பாலம் இரண்டு மணி நேரம் என்பது சரி. இன்றைக்கு வேறு யாராவது வந்து இதே கேள்வியைக் கேட்டாலும் நான் பாகோ என்றுதான் சொல்வேன்.

கிளம்புகிற அன்று காலை அடுப்படியில் அவனே தேநீர் கலக்கினான். எனக்கும் ஒரு டம்ளர் வைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேட்டான்.

“அம்மா என்ன சொல்ல இருந்தாங்கப்பா?”

“எங்கிட்ட சொல்லல.”

“தெரியும். நீங்க ஒரு கணக்கு வச்சிருப்பீங்கல்ல? அதச் சொல்லுங்க.”

வைத்திருந்தேன். அவன் கேட்பான் என்று தெரிந்தே வைத்திருந்தேன். அவள் அவனோடு போனில் பேசியவற்றை எல்லாம் ஞாபகத்தில் கொண்டுவந்து, பத்து நிரைக்கு ஒரு நிரை எடுப்பதுபோல எடுத்துப் பார்த்திருந்தேன். பத்துப் பேச்சில் ஒன்பதில் முதல் வார்த்தை சாப்டியா. பாதிக்கு மேல், பாத்து ஓட்டு. கொஞ்சம் அவன் இருமலைப் பற்றி. கொஞ்சம் என்னைப் பற்றிப் புகார்.

“சாப்டியான்னு கேட்டிருப்பா” என்றேன்.

“அத போன்லயே கேட்டுட்டாங்களேப்பா.”

“பாத்து வண்டி ஓட்டுன்னு...”

“அதுவும் சொன்னாங்க. அதெல்லாம் சொல்லிட்டு அப்புறம்தான் ஒண்ணு சொல்லணும்னாங்க.”

அவன் சொன்னது சரி. அவள் வழக்கமாகச் சொல்கிறவற்றை எல்லாம் காலையிலேயே போனில் சொல்லித் தீர்த்துவிட்டாள். அவற்றைக் கழித்தால் மிச்சமிருப்பது, அவள் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. அதற்கு மாதிரி எங்கே எடுப்பது? எந்த நிரையில் நடந்து பார்ப்பது? ஆயிரக்கணக்கில் மரங்கள் இருந்த இடத்தில் எனக்கு வழி தெரிந்தது. இது ஒன்றே ஒன்று. ஒன்றை வெட்டினால் ஒன்றும் கிடைப்பதில்லை.

ஏதாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். உன்னைப் பெற்றதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்ல இருந்தாள், தங்கையைப் பார்த்துக்கொள் என்று சொல்ல இருந்தாள், இப்படி. அவன் நம்பியிருப்பான். நான் எண்களில்தான் தவறுவேன், வார்த்தைகளில் தவறமாட்டேன் என்று அவனுக்கு ஒரு எண்ணம் உண்டு.

“தெரியலப்பா” என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்த ஒரு வார்த்தையை என்னிடமிருந்து அவன் அதிகம் கேட்டதில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். அவன் கண்கள் அவளுடையவை. அதுவரை நான் கவனித்ததில்லை. “சரிப்பா” என்று சொல்லிவிட்டுப் பையை எடுக்க உள்ளே போனான். எனக்கு வைத்த தேநீர் அப்படியே ஆறிக்கிடந்தது.